தரம் பிரித்த மாடு

எங்கள் ஊரில் குப்பை எடுப்பதை நிறுத்திய செய்தி ஒரு பாராட்டுப் பலகையாகத்தான் வந்து சேர்ந்தது. ‘குப்பையில்லா ஊராட்சி’ என்று பச்சை எழுத்தில் எழுதி, பஸ் நிற்கும் இடத்தில் நட்டுவைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குப்பை வண்டி வரவில்லை. நியாயம்தானே, குப்பையே இல்லாத ஊருக்கு வண்டி எதற்கு?

நான் அப்போது கொல்லிமலையில் இருக்கும் அந்த ஊரில் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். சொந்த ஊர் நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம். வாரமெல்லாம் மலையில் வாடகை வீடு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஊருக்கு. மாட்டுக்கு ஊசி போடுகிற யாராயிருந்தாலும் டாக்டர்தான் என்பது மலையின் சட்டம். அதனால் எல்லாருக்கும் நான் டாக்டரம்மா.

குப்பை எடுத்துக்கொண்டிருந்தவர் அந்த ஊர் அக்கா ஒருவர். ‘தூய்மைக் காவலர்’ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். மூன்று சக்கர வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு தினமும் காலையில் விசில் ஊதி வருவார். வாளியை வாங்கி, மக்குவது மக்காதது தரம் பிரித்திருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பார். “டாக்டரம்மா, பால் கவரைக் கழுவிப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றதுங்க?” என்பார். மேலதிகாரியிடம்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

வண்டி நின்ற வாரம் ஊராட்சிச் செயலரைப் போய்ப் பார்த்தேன். ரொம்ப மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் முடியாது என்பார்.

“நிதி இல்லீங்க மேடம். மேலிடத்து உத்தரவு. ஊட்டுக் குப்பைய ஊட்டுலயே மக்க வெச்சுக்கோங்க.”

“பிளாஸ்டிக் மக்காதுங்களே?”

“அதப் பயன்படுத்தாம இருந்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கப்பில் எனக்கு டீ வரவழைத்தார்.

ஆகவே என் குப்பையை நானே கீழே கொண்டுபோக ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் மடியில் ஒரு கட்டைப்பை. மலைப்பாதையின் எழுபது வளைவிலும் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்குவேன். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா ஒருதடவை, “மலைத்தேனுங்களா? எங்க வாங்குனீங்க?” என்று ஆசையாகக் கேட்டார். வாசனை வந்ததும் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மலையடிவாரத்துக் காரவள்ளி செக்போஸ்ட்டில் மேலே ஏறுகிற வண்டிகளை மட்டும் நிறுத்திப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று தேடுவார்கள். இறங்குகிற பஸ்ஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையிலிருந்து ஒருத்தி பிளாஸ்டிக்கைக் கீழே கடத்துவாள் என்று யார்தான் நினைப்பார்கள்? காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கித் தொட்டி தேடினேன். தொட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் தடம் மட்டும் இருந்தது. கடைசியில் குப்பை என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

“கொல்லிமலையில இருந்து அவனவன் பலாப்பழம் கொண்டாரான், மிளகு கொண்டாரான்,” என்றார் என் வீட்டுக்காரர். “நீ பழைய பேப்பர்காரனாட்டம் மூட்டையோட வார.”

இப்படி ஏழெட்டு வாரம். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று வீட்டுக்குப் பின்னால் கொய்யாமரத்துக் கிளையில் மாட்டிவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பையைக் காணோம். குரங்கு கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் ஊர்க்குப்பை முழுக்க ஓடைக்கரைக்குப் போக ஆரம்பித்திருந்தது. அருவி பார்க்க வருகிறவர்களும் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டுப் போனார்கள். மாடுகளுக்கு அது தினமும் விருந்து. என்னிடம் வயிறு உப்பின கேஸ்கள் வர ஆரம்பித்தன. எண்ணெய் ஊற்றிச் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மேலிடத்துக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

ஒருநாள் காலையில் அந்த அக்காவே வந்தார். விசில் இல்லை, வண்டி இல்லை. வேலை போனபின் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, மாடு அச போட்டு மூணு நாளாச்சுங்க. சென மாடுங்க. கொஞ்சம் வந்து பாருங்க சாமி.”

போய்ப் பார்த்தேன். இடது பக்கம் கல்லாட்டம் இருந்தது. எண்ணெய்க்கு அடங்குகிற சமாசாரமில்லை. கீழே இருந்து கால்நடை மருத்துவரை வரச் சொன்னேன். அவர் மத்தியானம் வந்து, மாட்டைப் பலாமரத்தடியில் நிற்கவைத்துக் கட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, விலாவுக்குப் பின்னால் திறந்தார். தோள்வரை கையை விட்டு எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பால் பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், நைலான் கயிறு, பரோட்டா கட்டிய கவர், ஒரு குழந்தையின் ஜட்டி லாஸ்டிக். நான் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்துத் தண்ணீரில் அலசினார். அத்தனை வருஷம் எங்கள் வாளிகளைப் பார்த்த கண். “இது மேட்டு ஊட்டு வாத்தியாருது. இது லாட்ஜுது. இது செயலர் ஊட்டு ஊறுகாக் கவரு,” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார். நாமக்கல் கடையில் நான் அரைத்து வாங்குகிற காபித்தூள் கவர். மலையில் வேறு யாரும் அந்தத் தூள் குடிப்பதில்லை.

“இது உங்களுதுங்க, டாக்டரம்மா,” என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடு பிழைத்தது. கன்று தங்கவில்லை. ஐந்தாம் நாள் செத்துப் பிறந்தது. அதை அவர் காட்டோரம் புதைத்த அன்று நானும் கூடப் போனேன். மண்வெட்டியை வாங்கிக் கொஞ்சம் மண் தள்ளினேன்.

அந்த மாதமே கிராமசபைக் கூட்டம். சாமியானா, மைக், மேசைமேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில். செயலர் சுகாதாரத்தில் ஊர் அடைந்த முன்னேற்றத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு சாக்கோடு நேரே போய், அவற்றை மேசைமேல் வைத்தார்.

“என்னங்க இது?”

“மாட்டு வயித்துல எடுத்ததுங்க. ஒண்ணுல சாணி, வைக்கோலு. இன்னொண்ணுல பிளாஸ்டிக்கு. தரம் பிரிச்சுத்தானுங்க கொண்டாந்திருக்கறேன்.”

செயலர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “இதெல்லாம் ஊராட்சிக் குப்பைன்னு எப்படிங்க சொல்றது? வெளியூர்க்காரங்க போட்டதா இருக்கும்.”

தலைகள் சந்தோஷமாக ஆடின. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். அரசு ஊழியர், மாறுதல் கேட்டு வேறு எழுதிப் போட்டிருந்தேன். ஆனால் அந்தக் காபித்தூள் கவர் சாக்கின் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து, “அதுல ஒண்ணு என்னுதுங்க. நான் போட்டதுதான்,” என்றேன்.

மற்றவர்களும் எழுந்து ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். வாத்தியார் சாமியானாவின் கூரையை ஆராய்ந்தார். லாட்ஜ்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊரிலேயே குப்பை போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று அன்று ருசுவானது.

ஆனாலும் சாக்கை மேசையிலிருந்து எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடவும் முடியவில்லை. அதனால் வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, வண்டி விடுவதாகத் தீர்மானம் எழுதினார்கள். அரசாங்கம் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அக்காவையே திரும்பக் கூப்பிட்டார்கள். கையுறை கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கையுறை வந்தது. இரண்டும் இடது கைக்கு. முதல் வியாழக்கிழமை ஒன்றை உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பி வலது கையில் மாட்டிக்கொண்டு, மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சரியா இருக்குதுங்களாக்கா?” என்று கேட்டேன்.

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். “கட்டவெரலு கொஞ்சம் புடிக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளினார்.