சிவப்புக்கொடி

அக்கா வீட்டு வாஷிங் மெஷின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடி நின்றாள் அவள்.

"பேரிங் தேயுதுக்கா."

"துணி வெளுக்குதில்ல? போதும், கையை எடு" என்றாள் அக்கா. கையை எடுத்தாள், காதை எடுக்கவில்லை.

லிஃப்டில் ஏறினால் மோட்டாரைக் கேட்பாள். பேருந்தில் டிரைவர் கியர் மாற்றும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். வேலையும் அதுதான். மருத்துவமனைக்கு நோயாளிகளைத் தூக்கிவரும் ஹெலிகாப்டர்களின் கியர் பெட்டி எப்படி அதிர்கிறது என்பதைத் திரையில் படித்து, எங்கே பல் தேய்கிறது, எங்கே பேரிங் கெடுகிறது என்று சொல்லவேண்டும். திரையில் கோடுகளாக விழும்போது நல்ல கியரின் இரைச்சலே மரம்போல ஓங்கி நிற்கும். பழுது அதன் காலடியில் புல் மாதிரி. இரைச்சலைக் கழித்துக் கழித்துத்தான் புல்லைப் பார்க்கமுடியும்.

போன வருடம் அப்படி ஒரு புல்லைப் பார்த்து ஹெலிகாப்டரை நிறுத்தினாள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே எல்லாம் புத்தம்புதிதாக மின்னியது. அன்றிலிருந்து பணிமனையில் அவளுக்குச் 'சிவப்புக்கொடி' என்று பெயர். அவளைக் கண்டால் யாராவது துடைக்கிற துணியை ஆட்டுவார்கள். சிரித்துவைப்பாள். ஆனால் அதன்பிறகு சந்தேகம் தட்டும்போதெல்லாம் இரண்டு பயம். சொன்னால் தப்பாகிவிடுமோ? சொல்லாமல் விட்டால்? இரண்டாவதை மனதுக்குள்கூட முடிக்கமாட்டாள். ஓட்டுகிறவர் அக்காவின் கணவர்.

அன்று காலை திரையில் மெல்லிய துடிப்பு ஒன்று தெரிந்தது. முந்தைய பதிவுகளில் அது இல்லை. தலைமை மெக்கானிக் எண்ணெயில் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைக் கழற்றிக் காட்டினார்.

"ஒரு பொட்டுத் தூள்கூட இல்லியேம்மா."

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, ஓட்டுநர் அடியில் சிக்கியிருந்தான். அத்தான் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"அத்தான், ஏறாதீங்க."

"அங்க ஒருத்தன் ரத்தம் கொட்டக் கெடக்கான். நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள். "தெரியாததாலதான் சொல்றேன்."

அத்தான் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தரையைப் பார்த்தார். பறக்கக்கூடாது என்ற தடைச் சீட்டை அவளே கொண்டுபோய் ஹெலிகாப்டர் கதவில் மாட்டினாள். முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.

ஆம்புலன்ஸ் தரைவழியே போனது. பெட்டியை இறக்கிப் பிரிக்கும்வரை அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து, அப்படியே மூடினாள். அந்த மனிதன் செத்துப்போய், பெட்டியும் சுத்தமாக இருந்துவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

சாயங்காலம் செய்தி வந்தது. உயிர் தப்பியது; ஒரு கால் போய்விட்டது. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. அவள்தான் உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

"இங்க வாம்மா" என்று மெக்கானிக் கூப்பிட்டார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பேரிங்கின் உள்வளையம். அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல். உதிரவில்லை, அதனால் தூளும் இல்லை. பறக்கும்போது உடைந்திருந்தால் ஒரேயடியாக உடைந்திருக்கும்.

அத்தான் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினார். நகம் சிக்கியது.

புதுப் பெட்டி பொருத்திய அன்று திரையில் ஒரு புல்கூட இல்லை. புறப்படும் முன் அத்தான் தலைக்கவசத்தோடு அவளிடம் வந்தார்.

"இப்பவாவது பயம் போச்சா?"

அவள் எட்டி, அவருடைய தாடைக்குக் கீழே இருந்த வாரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.