கார் மேல் ஏறிய சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் தெருவில் சைக்கிள்கள் காரின் மேல் ஏறிப் போகும். ஜெர்மனியின் தெற்கே இந்தச் சின்ன ஊருக்கு நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த புதிதிலேயே அதைப் பார்த்துவிட்டேன். மாடி ஜன்னலில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு நீலக் கார் வந்து நின்றது. அதன் தலைமேல் இரண்டு சைக்கிள்கள், சக்கரமெல்லாம் சேறு. செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி, காருக்குள் எட்டிப் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "யார் விழுந்தது?" என்று கேட்டேன். காரிலிருந்து இறங்கிய ஹெர் பிராண்ட் (ஹெர் என்றால் நம் 'திரு' மாதிரி) வாயெல்லாம் பல்லாக, "எல்லோரும்தான்! ஒவ்வொரு ஞாயிறும்!" என்றார். அவர் மனைவி கால்சட்டையைத் தூக்கி முழங்கால் சிராய்ப்பை வேறு காட்டினார். இருவரும் சிரித்தார்கள். நான் கிறுக்கச்சி மாதிரி வெறுங்காலோடு ரோட்டில் நின்றேன்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி, புத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் காரின் மேல் என்னென்னவோ போகும். பெட்டி போகும், மெத்தை போகும், கல்யாணத்துக்கு வாழைமரம் போகும், மைக்செட் குழாய் போகும். சைக்கிள் மட்டும் போகாது. சைக்கிள் வைத்திருப்பவன் அதை மிதித்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். அது ஒரு காரின் மேல் கயிறு கட்டி வருகிறது என்றால், அதை மிதித்தவன் உள்ளே பின்சீட்டில் கிடக்கிறான் என்று அர்த்தம். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற கார்கள் எங்கள் வழியாகத்தான் பறக்கும். இடித்துவிட்டு நிற்காமல் போகிற புண்ணியவான்களும் உண்டு. ஆனால் சாமி பார்க்கப் போகிறவர்களுக்கு அப்படி விட்டுப் போக மனசு வராது. அடிபட்டவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புத்தூர் எலும்புக்கட்டுக்கு ஓடுவார்கள். அவனோ, "சைக்கிளு வந்தாத்தான் நானும் வருவேன்" என்று ரோட்டில் கிடந்தபடியே அடம்பிடிப்பான். இருக்கிற ஒரே வண்டி, விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? ஆகவே அது மேலே ஏறும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்து, யார் சைக்கிள் என்று அடையாளம் கண்டு, அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு மெல்ல மெல்லக் கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் கத்திரியும் வெண்டையும் போட்டு, மூட்டையைச் சைக்கிளில் வைத்துப் புத்தூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் என்னைப் படிக்கவைத்தவர். அம்மா போன பிறகு தானே பொங்கித் தின்கிறார். தம்பி முரளிக்கு ரேணிகுண்டா பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, வீட்டுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நைனாவை ஒரு மூன்று மாதமாவது என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், என் கையால் சோறு போடவேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வேறு எதற்காக இந்தக் குளிரில் வந்து கிடக்கிறேன்?

அவர் பிடி கொடுக்கவில்லை. "அங்க வந்து நான் இன்னா பாப்பா பண்றது? நீ வேலைக்குப் பூட்டா செவுத்தப் பாத்துக்கினு குந்தினு இருக்கணும்."

"சைக்கிள் வாங்கித் தரேன் நைனா."

"லாரி வராதா அங்க?"

"சைக்கிளுக்குன்னே தனி ரோடு போட்டுக்கீறாங்க."

"கதை வுடாத பாப்பா," என்றார். ஆனால் மறுவாரமே பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

இந்த ஜெர்மன் ஊர் ஏரிக்கரையில் அருமையான சைக்கிள் பாதை உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேர மலை ஏறி இறங்கவேண்டும், நைனாவின் வயதுக்கு ஆகாது. காரில் வைத்துக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஹெர் பிராண்டிடம் யோசனை கேட்டேன், கேட்டதுதான் தாமதம், மனிதர் டியூஷன் எடுக்க ஆரம்பித்துவிட்டார். காரின் பின்னால் மாட்டினால் நம்பர் பிளேட் மறையும், டிக்கியைத் திறக்க முடியாது, எவனாவது வந்து முட்டினால் முதலில் சைக்கிள்தான் நசுங்கும். மேலே வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மேலே வைத்தால் காற்று இழுக்கும், பெட்ரோல் குடிக்கும், ஓவென்று சத்தம் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், அது மேலே இருப்பதே மறந்துபோகும். பூமிக்கடியில் இருக்கும் கார் நிறுத்தத்துக்கு இங்கே டீஃப்கராஷ என்று பெயர். அதற்குள் அப்படியே நுழைந்து, மகனுடைய சைக்கிளை முகட்டில் மோதி ஒடித்தவர் அவர். "கண்ணாடியில் தெரியாது அல்லவா?" என்றார். அடக் கடவுளே, சைக்கிளை ஒருத்தன் மறப்பானா! நைனா கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன், நைனா காலைத் தூக்கிப் போடத் தோதாகத் தாழ்ந்த பார் வைத்தது. என் காரின் மேல் டாஹ்ட்ரேகர் எனப்படும் கம்பிச்சட்டத்தை ஹெர் பிராண்டே மாட்டிக் கொடுத்து, மனைவியோடு சேர்ந்து சைக்கிளையும் ஏற்றி நிறுத்திக் காட்டினார். ஆசையாக வீடியோவில் நைனாவுக்குக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அத்த எறக்கு."

"இங்க அப்படித்தான் நைனா. ஏரி வரைக்கும் மேல வெச்சி எட்த்துக்கினு போயி, அங்க ஓட்டுவாங்க."

"எறக்குன்றேன் இல்ல? பாக்க முடில பாப்பா. ஏரிக்கு நீ கார்ல போ. நான் பின்னாலயே மிதிச்சிக்கினு வந்துட்றேன்."

நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விசா வந்தது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் வேலையில் இருந்தபோது முரளி போன் செய்தான். "அக்கா, நம்ம சைக்கிளு ஒரு காரு மேல போச்சாம்," என்றான். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்து மேசைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். "என் அப்பாவின் சைக்கிள் காரின் மேல் போகிறது" என்றேன். "ஓ, விடுமுறையா!" என்று அவள் மகிழ்ச்சியாகக் கேட்டாள். அவளை நொந்து என்ன பயன்?

மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, திருப்பதி மலையிலிருந்து இறங்கி வந்த கார் ஒன்று இடித்திருக்கிறது. புத்தூரில் கட்டுப்போடுகிறவர்கள் தொட்டுப் பார்த்ததுமே, "இது இடுப்பு, இங்க ஆவாது, உடனே திருப்பதிக்கு இட்டுகினு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் திருப்பதியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. இடித்தவர் சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று அழுதாராம். போகும்போது நைனாவின் தலைமாட்டில் லட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் மிச்சமில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில், "நடுஸ்தாரம்மா. சைக்கிள் மாத்ரம் மர்ச்சிபோண்டி" என்றார். நடப்பார், சைக்கிளை மட்டும் மறந்துவிடுங்கள் என்று.

நடக்கவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நானும் முரளியும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால்தான் நைனா கட்டிலை விட்டு எழுந்தார். ஆள் வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நைனா தன் உடம்பை அந்நிய மனிதர் கையில் கொடுக்கமாட்டேன் என்று திட்டி விரட்டிவிட்டார். அவரை ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிற பேச்சு அதோடு முடிந்துபோனது. என் லீவும் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் என்று கேட்டு எழுதியதற்கு, உங்கள் இடத்தை அதற்குமேல் காலியாக வைக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. என் சம்பளம் இல்லாமல் நைனாவுக்கு மருந்து இல்லை. என் கை இல்லாமல் அவருக்கு எழுந்திருப்பு இல்லை. இதில் எதை விடுவது? நான் யோசித்து யோசித்துச் சலித்துவிட்டேன், அறிவு அந்த இடத்தில் வேலை செய்வதில்லை.

கிளம்புகிற அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீ போ பாப்பா. அங்க வாங்கி வெச்சிக்கிறியே, அந்த சைக்கிள யாருக்கனா குட்த்துடு. சொம்மா நிக்க வெச்சா டயரு வெடிச்சிப்பூடும்."

எப்போது வருவாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஏர்பேட்டுப் பக்கம் எங்கேயோ மழை, காற்றில் மண்வாசனை வந்தது, ரேணிகுண்டா ஏர்போர்ட் வரைக்கும் காரில் அழுதுகொண்டே போனேன்.

சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. கீழே நிலவறையில் பூட்டி வைத்திருக்கிறேன். காரின் மேல் இருக்கும் சட்டத்தையும் கழற்றவில்லை. அது காலியாகப் போகும்போதுதான் அதிகமாக ஊளையிடுகிறது, இதை ஹெர் பிராண்ட் எனக்குச் சொல்லித்தரவில்லை. "பெட்ரோல் வீண், கழற்றுங்கள்" என்கிறார். ஆகட்டும் என்று தலையாட்டுகிறேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் அது ஒப்பாரி வைக்க, நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெர் பிராண்ட் மணியடித்தார். மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், சைக்கிளை மேலே ஏற்ற ஒரு கை வேண்டும் என்றார். போனேன். இதுவும் மேலே வைப்பதில் உள்ள ஒரு கெடுதல்தான். தனி ஆளால் ஏற்ற முடியாது, ஒருவர் இந்தப் பக்கம் பிடித்தால் இன்னொருவர் அந்தப் பக்கம் பிடிக்கவேண்டும். "ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை" என்று எண்ணி இருவரும் தூக்கினோம். என் சட்டைப்பையில் போன் அடித்தது. முரளியாகத்தான் இருக்கும், ஊரில் அது நைனாவைக் குளிக்கவைக்கிற நேரம். "பிடியுங்கள், விட்டுவிடாதீர்கள்!" என்று ஹெர் பிராண்ட் கத்தினார். நான் விடவில்லை. அவர் வாரை இழுத்துக் கட்டி முடிக்கும்வரை போன் அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது.

எடுத்ததும் முரளி அழுதான். "தனியா தூக்கினேன்கா. வுழுந்துட்டாரு. அந்தாண்ட புடிக்க ஆளு இல்லக்கா."

அவனுக்குப் பின்னால், தரையில் கிடந்தபடியே, "அவகிட்ட சொல்லாதடா" என்று நைனா கத்துவது கேட்டது.

ஹெர் பிராண்ட் கார் கண்ணாடியை இறக்கி, நீங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு என் பாடு திண்டாட்டம்தான் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் போனைக் காதில் வைத்தபடி, நைனா நைனா என்று நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இருப்பது இரண்டே கைகள். இரண்டிலும் ஹெர் பிராண்டுடைய சைக்கிள் செயினின் கறுப்பு எண்ணெய்.