மேற்குப் பக்கத்து இலைகள்

தோட்டத்தில் அவளைச் 'சீப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். திராட்சைக் கொடி வரிசைக்குள் ஒருமுறை போய்வந்தாள் என்றால் அந்த வரிசை வாரிவிட்ட தலை மாதிரி இருக்கும். குலைகளை மறைக்கிற இலைகளைக் கிள்ளி எறிந்து, காற்று நுழைய வழி விட்டு, ஒவ்வொரு குலையும் தனியாகத் தொங்கும்படி செய்துவிடுவாள். மழை பெய்தாலும் பூஞ்சை அண்டாது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவள் கைக்கு இதுதான் வேலை.

சென்ற வருடம் அந்தச் சுத்தமே காலை வாரிவிட்டது. குலைகள் நிறம் திரும்புகிற சமயத்தில் அனல் காற்று வந்தது. மறைக்க இலை இல்லாததால் மேற்கு வெயில் நேராகப் பழத்தின்மேல் விழுந்தது. வெயில் பட்ட பக்கம் பழுப்பேறித் தோல் சுருங்கிற்று. வாயில் போட்டால் வேகவைத்த பழத்தின் ருசி. முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. இன்னொரு வருடம் இப்படி ஆனால் கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கிடங்கு கட்டப்போவதாக மட்டும் சொன்னார். கொடி போனால் வீடும் போகும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்று விட்ட வீடு அது.

அதனால் இந்த வருடம் மேற்குப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று அவளே தனக்குச் சொல்லிவைத்திருந்தாள். கிழக்கில் மட்டும் கிள்ளினாள். காலை வெயில் பழத்தை ஒன்றும் செய்யாது. மேற்கில் இலைகள் பரட்டையாகத் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. கூடவே வேலை செய்யும் நாத்தனார், "அண்ணிக்குக் கையைக் கட்டிப்போட ஒரு கயிறு வாங்கணும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இடுப்பு வலிக்காக டாக்டரிடம் போயிருந்த புருஷன், இனிமேல் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்ற சேதியோடு திரும்பி வந்தான். அன்று மத்தியானம் அவள் கீழ்க்கோடி வரிசைகளில் கிழக்குப் பக்கம் கிள்ளிக்கொண்டிருந்தாள். இனி இரண்டு பொம்பளைகள் மட்டும் இந்தத் தோட்டத்தை எப்படி இழுப்பது என்பதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை முடிந்ததும் எப்போதும்போலத் திரும்பி மறுபக்கமாக வந்தாள். அடுத்த வரிசைக்குப் போனாள். அதிலும் அப்படியே திரும்பினாள்.

தண்ணீர் கொண்டுவந்த நாத்தனார் வரிசைக் கோடியில் நின்றுவிட்டாள். கேலி ஏதும் வரவில்லை.

"அண்ணி, இது மேற்கு."

அவள் கீழே பார்த்தாள். காலடியில் பச்சை பச்சையாக இலைகள் கிடந்தன. பின்னால் நான்கு வரிசை, மழமழவென்று, அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேர்த்தியாக வாரியதில்லை.

மறுநாளிலிருந்து கடும் வெயில் என்று ரேடியோவில் சொன்னார்கள். கிள்ளிய இலையை ஒட்டவைக்க முடியாது. நிழல்வலை வாங்கித் தரச்சொல்லி முதலாளியிடம் கேட்டால், ஏன் என்று சொல்லவேண்டியிருக்கும். அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினாள். அப்புறம் ஜன்னல் திரைகள், பீரோவில் மடித்திருந்த போர்வைகள். நாத்தனார் தன் பங்குக்குக் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பூப்போட்ட விரிப்பைக் கொண்டுவந்து போட்டாள். மாப்பிள்ளை வருவதற்குள் திராட்சையாவது இதில் படுக்கட்டும் என்றாள்.

விடிவதற்கு முன்பே சொட்டுநீர்க் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். வெயில் ஏறிய பிறகு ஊற்றிப் பிரயோசனமில்லை, கொடி அதற்குள் வாடிவிடும். பிறகு துணி க்ளிப்புகளால் விரிப்புகளை மேல்கம்பியில் மாட்டினார்கள். துணி பழத்தில் ஒட்டினால் அதுவே சுட்டுவிடும் என்பதால் குச்சிகள் நட்டுத் தள்ளிப் பிடிக்கவைத்தார்கள். காற்று போகக் கீழே திறந்துவிட்டார்கள். காற்று வேண்டிய மட்டும் போயிற்று. அரைமணிக்கு ஒரு விரிப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. அவள் பின்னாலேயே ஓடினாள். நாள் முழுக்க அதுதான் வேலை. மாட்டுவது, ஓடுவது, பொறுக்குவது, மறுபடி மாட்டுவது. சாயங்காலம் முழங்கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்று தோன்றும். வீட்டுக்குள் புருஷன் விரிப்பில்லாத மெத்தையில் முதுகு ஒட்டிப் புரண்டுகொண்டிருந்தான். திராட்சைக்கு நடக்கிற உபசாரம் தனக்கு நடக்கவில்லை என்றான். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

அந்த வாரக் கடைசியில் முதலாளி வந்தார். மேல்வரிசைகளில் இலைகளை விலக்கிப் பார்த்தார். குலைகள் கெட்டியாக, கறுப்பேறி இருந்தன. ஒன்றைப் பறித்துத் தின்று தலையாட்டிக்கொண்டார். கீழ்க்கோடிக்கு வந்ததும் பூப்போட்ட விரிப்பின் முன்னால் நின்றார்.

"என்னம்மா இது, சலவைக்கடை?"

"இந்தப் பக்கமும் கிள்ளிட்டேன். ஞாபகமில்லாம."

"யாரு, நீயா?"

"நான்தான். வேற யாருமில்ல."

அவர் விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். வெளிப்பக்கக் குலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்புப் பழங்கள். உள்ளே நன்றாகவே இருந்தது. பழுப்பானதை இரண்டு விரலால் நசுக்கி, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகி வந்தபோது இந்தக் கொடிகள் விரல் தடிமன்கூட இல்லை.

"கெட்டதைப் பொறுக்கி எடுத்துடு" என்றார். "கொடி இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு நிழல்வலை வாங்கிடலாம்."

அவர் வண்டி போன பிறகு நாத்தனார் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே. அவள் தலையாட்டினாள். அடுத்த வருஷம் என்ற வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றது. கிளை வெட்டு, கட்டு, தளிர் ஒடி, கிழக்கில் கிள்ளு, மேற்கில் கிள்ளாதே. அவர் கொடி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அழுது முடித்துத் தூங்கியுமிருப்பாள். அப்படி ஓர் எண்ணம் தனக்குள் இருந்தது இப்போதுதான் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டில் புருஷன் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்னார்?"

"இருக்கட்டும்னுட்டார்."

"அப்பாடா. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காலை நீட்டிக்கிறேன்."