காருக்கு நல்ல தண்ணீர்

காலை ஆறரைக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் சந்தில் பெட்ரோல் வாசனையும் இட்லி வேகும் வாசனையும் சேர்ந்தேதான் வரும். அப்பா காரை ஸ்டார்ட் செய்து உறுமவிடுவார். எங்கும் போவதற்காக இல்லை, இன்ஜின் தூங்கிப்போய்விடக் கூடாது என்பதற்காக. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய "சொல்தா" அவர். மற்ற சொல்தாக்கள் வந்ததும் மாடி வீடு கட்ட, இவர் மட்டும் கப்பலில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே இருக்கை, ஸ்டீயரிங் இடது பக்கம், அப்போதே அதற்கு இருபது வயது.

பிரான்சிலேயே அதை யாரும் சீந்தவில்லை, அதனால்தான் தன் கைக்கு எட்டியது என்று அவரே சொல்வார். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பேர் உட்காரும் காரா என்று மெக்கானிக் முதல் மீன்காரம்மா வரை கேட்டார்கள். பெல்ட் அறுந்தால் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து நண்பர் பார்சல் அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அம்மா அதில் ஏறியதே இல்லை. "புள்ளைங்களுக்கு உப்புத் தண்ணி, காருக்கு நல்ல தண்ணி" என்பது அவளுடைய தினசரிப் புலம்பல்.

அது உண்மைதான். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. உப்பு பட்டால் தகரம் அரித்துவிடும் என்பதால், தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரில்தான் "வுவாத்தூரை", அதாவது காரை, கழுவ வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். எனக்குப் பத்து வயதானபோது அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு இடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை. குழாயடி வரிசையில் குடத்தோடு நிற்பதென்றால் உள்ளங்கால் அரிக்கும். ஒரு வாரம் நின்றேன். அப்புறம், அப்பா கடற்கரைக்கு நடக்கப் போகும் நேரமாகப் பார்த்து, மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரையே வாளி வாளியாக ஊற்ற ஆரம்பித்தேன். மணல் போகட்டும் என்று வீடு கழுவுவதுபோல உள்ளேயும் ஊற்றி, ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிடுவேன். வெளியே துணியால் துடைத்தால் பளபளவென்றுதான் இருந்தது. அப்பா என்னை மெச்சிக்கொண்டார், அப்படி ஊற்றிய இரண்டு வருஷமும்.

பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவது வழக்கம். அந்த வருஷம் அதிசயமாக அம்மாவும் காரில் வருகிறேன் என்றாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை; தெருவே வாசலில் நின்றது. ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினாள். விரிப்போடு தரை உடைந்து, கால் ரோட்டில் போய் நின்றது. நல்லவேளை, அடிபடவில்லை. தெரு சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. விரிப்பைத் தூக்கினார், தகரம் அப்பளமாக உதிர்ந்தது.

"எல்லாம் கடல் காத்து பண்ண வேலை," என்றார்.

போர் தண்ணீர் ஊற்றியதை நான் சொல்லவில்லை. அந்த வாரமே காயலான் கடைக்காரர் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்னமும் ஆறரைக்கு எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார், ஸ்டார்ட் செய்யத்தான் எதுவும் இல்லை. போன மாதம் செல்போனில் அதே ரகக் கார் ஒன்றைக் காட்டினார். யாரோ பொறுமையாகப் பழுதுபார்த்து விற்பனைக்கு வைத்திருந்தார்கள். விலையை அவர் இரண்டு முறை படித்தார்.

"தரைய மட்டும் மாத்தியிருந்தா போதும். நாந்தான் பொறுக்காம குடுத்துட்டேன், பாப்பா."

அந்தப் பழியை அவர் சுமப்பதை என்னால் தாங்க முடியவில்லை. போர் தண்ணீர் கதையைச் சொல்லிவிட்டேன். அப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "உள்ளயுமா ஊத்துன?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை வாசலில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா என் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். தெருக்குழாய் எப்போதோ போய்விட்டது. குடிக்க வாங்கி வைத்திருந்த தண்ணீர் கேன் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"நீ தொடைச்சா போதும்," என்றார். "தண்ணி நான் ஊத்திக்கிறேன்."