ஏர்மெயிலில் வந்த தோட்டம்

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருந்தது நாற்பத்தோரு நாள். எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அதுவே அதிகம். நாற்பத்திரண்டாம் நாள் அவர் சவுதிக்கு விமானம் ஏறினார். திருச்சுழிக்குப் பக்கத்து ஊரில், அவர் வீட்டில் நானும் மாமியாரும், வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் கரிசலும் மிச்சம்.

பைப் பொருத்தும் வேலைக்குப் போனவரை அங்கே பெரிய அரபி ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். தோட்டத்தை வரைந்து அமைப்பவர் ஓர் எகிப்துக்கார இஞ்சினியர். அவர் பின்னால் பைப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் இவருக்கும் அந்த வித்தை ஒட்டிக்கொண்டது. ஆனால் முதலில் வந்த கடிதங்களில் அதெல்லாம் இல்லை. நலம், நலமறிய ஆவல், அம்மாவுக்குச் சலாம், அவ்வளவுதான். எங்களுக்குப் பேச என்ன இருந்தது? விருந்துக்குப் போன நாட்களைக் கழித்துவிட்டால், அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

நான்காவது கடிதத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு நீள்சதுரம், அதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வாய்க்கால், நான்கு கட்டம். 'பழைய காலத்துல பாரசீக ராஜாமாரு இப்படித்தான் தோட்டம் போடுவாகளாம். நம்ம வீட்டுக்குப் பின்னாடியும் போடலாம் புள்ள' என்று எழுதியிருந்தார். சுவனத்தில் ஆறுகள் ஓடும் என்று சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கேட்டதுண்டு. அதை ஸ்கேல் வைத்து வரையலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

நிறையக் கேள்வி கேட்டுப் பதில் எழுதினேன். மனிதருக்குப் பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கடிதத்துக்கு ஒரு பாடம். வாசலில் தொடங்கிக் கடைசி வரை ஒரு நடுக்கோடு வேண்டும், அதன் முடிவில் கண் போய் நிற்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடக் கூடாது. செடியால் ஒரு மறைப்பு வைத்து, அதைத் தாண்டினால்தான் அடுத்தது தெரிய வேண்டும். வெயிலில் பத்தடி நடந்தவருக்கு அடுத்த பத்தடி நிழல் கிடைக்க வேண்டும். பாதையின் அகலம், இரண்டு பேர் தோள் இடிக்காமல் சேர்ந்து நடக்கிற அளவு. அந்தக் கடைசிப் பாடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து ரோஜாவும் மாதுளையும் மல்லிகையும் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்தன. மாமியார் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"குடிக்கத் தண்ணியக் காணோம். இவளுக்கு வாய்க்கா கேக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கிணறு உப்பு. தெருக்குழாயில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். பத்துக் குடம் பிடித்தால் இரண்டு குடத்தைச் செடிகளுக்கு ஊற்றினேன். சித்திரையில் கரிசல் கைநுழைகிற அளவுக்கு வெடித்தது. முதலில் ரோஜா போயிற்று, பிறகு மாதுளை. மல்லிகையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது. ஆட்டைக் குறை சொல்ல மாட்டேன். அது விட்டுவைத்திருந்தாலும் அடுத்த வாரம் காய்ந்திருக்கும்.

அந்த வாரம் வந்த கடிதத்தில், 'ரோசா பூத்துருச்சா?' என்று கேட்டிருந்தார். பூத்துவிட்டது என்று எழுதினேன்.

செத்துப்போயிற்று என்று எழுதியிருந்தால் அடுத்த படம் வராது. மறுபடியும் நலம், நலமறிய ஆவல் என்று இரண்டு வரிதான் வரும். அந்தப் பயத்தில் எழுதினேன். ஒரு பொய் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மாதுளை காய்த்தது, தெருவுக்கே பகிர்ந்து கொடுத்தேன், மல்லிகைப் பந்தலை இன்னும் உயர்த்த வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். போட்டோ கேட்டார். அருப்புக்கோட்டைக்குப் போய், நீரூற்றும் படிக்கட்டும் வரைந்த ஸ்டுடியோ திரைக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினேன். 'திரையில படிக்கட்டு நடுக்கோட்டுல இல்ல, பாத்தியா? நம்ம தோட்டத்த எடுத்து அனுப்பு' என்று பதில் வந்தது. காமிராக்காரர் இவ்வளவு தூரம் வரமாட்டேன் என்கிறார் என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து லீவில் வருவதாக எழுதினார். சந்தோஷப்பட வேண்டிய நான் சோறு இறங்காமல் கிடந்தேன். உண்மையை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன், நான்கு தாளையும் கிழித்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள், அனுப்பிய படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த தரையில் சுண்ணாம்புத் தூளால் முழுத்தோட்டத்தையும் வரைந்தேன். வாய்க்கால், மறைப்பு, பந்தல், பாதை, ஒன்றையும் விடவில்லை. என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

பெட்டியை வைத்த கையோடு பின்வாசலுக்குத்தான் போனார். கோடுகள் மேல் நடந்து, வாய்க்கால்கள் சந்திக்கிற இடத்தில் நின்றார்.

"இதுல எது முளைச்சுச்சு?"

"ஒண்ணும் முளைக்கல மச்சான்."

"அப்ப எழுதினதெல்லாம்?"

"நீங்க படம் அனுப்புறத நிப்பாட்டிருவீகன்னு பயந்துட்டேன்."

கொஞ்ச நேரம் காலால் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ரூமுல பத்துப் பேருக்கு ஒன் லெட்டர வாசிச்சுக் காட்டுவேன். எங்க, இந்த வாரம் என்ன பூத்துச்சுன்னு அவனுகளே கேப்பானுக."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு மாத லீவில் ஒரு நாள்கூட அவர் பின்வாசல் கதவைத் திறக்கவில்லை. திரும்பிப் போனபின் வந்த கடிதங்களில் படம் இல்லை, பாடம் இல்லை, புள்ள என்ற சொல்லும் இல்லை.

அவர் நிறுத்திவிட்டார், எனக்குத்தான் படித்தது மறக்கவில்லை. பஸ்ஸில் போனாலும் கண் நடுக்கோட்டைத் தேடும். கண்மாய்க் கரையைப் பார்த்தால் இது எதற்கு மறைப்பு என்று யோசிப்பேன். அப்படித்தான் இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. கடைசியில், புறம்போக்கில் ஒற்றைப் பனை நின்றது. அது சரியாக எங்கள் பின்வாசலுக்கு நேர். கண் போய் நிற்க வேண்டிய இடம் இத்தனை வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

அரிவாளை எடுத்தேன். மூன்று மாதம் கையெல்லாம் முள். நடுவில் கிளைகளைக் கழித்துப் பாதை விட்டேன், மேலே தானாக நிழல் கூடியது. நான்கு கட்டத்தில் ஒன்றில் ஆவாரை, ஒன்றில் கற்றாழை, ஒன்றில் எருக்கு, ஒன்று வெறும் தரை. வாய்க்கால் ஓட வேண்டிய இடத்தில் ஆற்றுமணலைக் கொட்டினேன். எங்கள் ஆற்றிலும் அதுதானே ஓடுகிறது. அவர் சொன்ன ஒரு விதியையும் மீறவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் கேட்கவில்லை. பாதையையும் இரண்டு பேர் அகலத்துக்கே விட்டேன்.

அதை வரைந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, வந்து பாருங்கள் என்று எழுதினேன். ஒன்றரை மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. 'நலம். நலமறிய ஆவல். படம் கிடைத்தது. கருவேல முள் மண்டிவிட்டதாகத் தெரிகிறது. பாம்பு அடையும். ஆள் வைத்து வெட்டச் சொல்லவும்.'

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பாதையின் தொடக்கத்திலிருந்து பனை தெரிகிற இடம் வரை ஒரு தடவை நடந்தேன். எனக்கு ஒரு பக்கம் இடம் மிச்சமாகவே இருந்தது.

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து வேரோடு வெட்டிப் போட்டார்கள். அந்த விறகு எங்களுக்கு ஐந்து மாதம் அடுப்பெரிக்க ஆயிற்று. வெட்டியாயிற்று, பாம்பு ஒன்றும் இல்லை என்று அவருக்குப் பதில் எழுதினேன்.