மூன்றாவது எச்சரிக்கை

என் தம்பிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கும் கடைசிப் பையனுக்கும் நடுவில் பிறந்தவள் இவள். பதினோராம் மாதத்தில் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. போகும்போது இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. காது போனதும் பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை வைத்திருந்தார்கள். எண்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எழுத்து பாதிதான் ஏறியது.

பதினெட்டு வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். துணியைச் சூடாக அழுத்தி வெளியே தள்ளும் உருளை இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் யாருக்கும் கேட்காது. "இங்க காது இருக்கறவங்களுக்குத்தாம்பா கஷ்டம், இந்தப் பொண்ணுக்கு என்ன" என்று மேஸ்திரி சிரிப்பார். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை உறை என்பதெல்லாம் அவள் கணக்கு. மூலையோடு மூலை ஒட்டி அவள் மடிக்கிற அழகைப் பார்த்து "மடிப்பு" என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

மடிப்பைக் கட்டியவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சை எல்லாம் ஒருவரே பேசித் தீர்ப்பார். அவர்களுக்கு ஒரே பெண். நாலு வயதிலிருந்தே அம்மாவுக்காக டாக்டரிடமும் கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் வாதாடியவள் என்பதால் தெருவில் அவளுக்கு "வக்கீல்" என்று பெயர். தாயும் மகளும் பேசிக்கொள்வது கையால். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சாடை அது. இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது.

கணக்குக்கும் அவர்களிடம் சாடை உண்டு. உள்ளங்கையைக் கைவிளிம்பால் வெட்டினால் பின்னம். காதுமடலைக் கிள்ளினால் மீதி. கழித்தலில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதுபோல் கையை ஓரமாக நீட்டுவாள். கை ஓடினால்தான் வக்கீலுக்குக் கணக்கு ஓடும். உதடும் கூடவே சத்தமில்லாமல் அசையும்.

பள்ளிக்கூடத்தில் இதனால் தினம் ஒரு வழக்கு. "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, ஈ ஓட்டாதே" என்பார் ஆசிரியை. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில் கையைக் கட்டினால் அவள் மூளையும் கட்டிக்கொள்ளும். பிறகு பள்ளிக்கூடம் ஆளுக்கொரு மடிக்கணினி இரவல் கொடுத்தது, பாடம் திரையில் வந்தது. திரை வாத்தியார் கையைக் கட்டச் சொல்லவில்லை. புரியாவிட்டால் பத்து தடவை திருப்பிப் போட்டாலும் முகம் சுளிக்கவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி சத்தத்தை மூடிவிட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்தே அவள் படித்தாள். பக்கத்தில் மடிப்பு உட்கார்ந்து எண்களைப் பார்ப்பாள். ஒரே வருஷத்தில் வக்கீல் இரண்டு வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டாள்.

அந்த ஆசிரியையே வீட்டுக்கு வந்து சொன்னார். நகரத்தின் மறுகோடியில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் இலவசம், அறுபது இடம். ஒரு பிள்ளைக்கு ஒரே முறைதான் வாய்ப்பு. பரீட்சையும் கணினியில், வீட்டிலிருந்தபடியே. நாற்பது கேள்வி, இரண்டு மணி நேரம்.

"ஆனா கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். ரூம்ல வேற ஆள் கூடாது, பேச்சுச் சத்தம் கூடாது. மூணு எச்சரிக்கை வந்தா தானே மூடிக்கும்" என்றார்.

சத்தம் என்றதும் லிப்ட்காரர் கிளம்பிவிட்டார். மாடிவீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினார். எதிர்வீட்டுக் குழந்தையை அதன் அத்தை வீட்டுக்கு அனுப்பவைத்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டார். யார் வந்தாலும் உதட்டில் விரல் வைப்பது அவர் வேலை. என்னைக் கதவுக்கு வெளியே நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"மாமா, இருமல் வந்தா எந்திரிச்சு மாடிக்குப் போயிருங்க."

"வந்தப்புறம் போறதா, வர்றதுக்கு முன்னாடியே போறதா?"

"விளையாடாதீங்க மாமா."

அவர்கள் வீடு ஒரே அறை. கதவின் மேல்பாதி கண்ணாடி. கதவைப் பார்த்தபடி மேசை, மேசையில் கணினி, அதன் பின்னால் வக்கீல், அவள் முதுகுப் பக்கம் கண்ணாடி பதித்த பீரோ. மடிப்பு என் பக்கத்தில் நின்று கதவுக் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை எங்களுக்குத் தெரியாது. மகளின் முகமும் கைகளும்தான் தெரியும்.

முதல் அரைமணி நேரம் நன்றாகப் போயிற்று. வக்கீலின் இடது கை காற்றில் ஓடியது, வலது கை மவுஸை அழுத்தியது. மடிப்பு அந்தக் கையைப் படித்து எனக்கு விரலால் காட்டினாள்: எட்டு முடிந்தது, ஒன்பது முடிந்தது. சத்தம் வராமல் பார்க்க எத்தனை ஏற்பாடு செய்தோம். அந்த வீட்டில் பேச்சு வாயில் இல்லை, கையில் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பதினோராவது கேள்வியில் வக்கீலின் கன்னத்தில் சிவப்பு வெளிச்சம் அடித்தது. கை அப்படியே நின்றது. திரையை வாசித்தாள். பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மடிப்பு என் தோளைப் பிடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது.

கை அடங்கியதும் கணக்கு நின்றது. சில கேள்விக்கு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். நெற்றியில் வேர்வை. தன்னை அறியாமல் கை வெளியே வரும், ஓடும், திடுக்கிட்டு உள்ளே போகும். இருபத்து நாலாவதில் மறுபடியும் சிவப்பு. இம்முறை உதடு காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கை.

அப்புறம் நடந்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். இருபத்தேழாவது கேள்வி. வக்கீலுக்கு மூச்சு வாங்கியது, கண் நிறைந்துவிட்டது, எதையோ அவசரமாக அழுத்தப் போனாள். மடிப்பின் கை தானாக எழுந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல இறக்கினாள். மகள் கண்ணைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்.

சிவப்பு வந்தது. போகவில்லை.

வக்கீல் எழுந்து கதவைத் திறந்தாள். திரையில் எழுதியிருந்ததை எனக்குச் சத்தமாகவும் அம்மாவுக்குக் கையாலும் சொன்னாள். "வேறு நபருடன் தொடர்பு கண்டறியப்பட்டது. தேர்வு நிறுத்தப்பட்டது." மடிப்பு தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து லிப்ட்காரர் விரலை உதட்டில் வைத்தபடியே மேலே வந்து, "என்ன, அதுக்குள்ள முடிச்சிட்டாளா?" என்றார்.

இரண்டு நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுநாள் காலை தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். லிப்ட்காரருக்கு வாய் சும்மா இருக்காது என்பதால் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டோம். அதிகாரி ஐம்பது வயது அம்மாள். மேசையில் காகிதம் குறைவு, திரை இரண்டு.

வக்கீல்தான் ஆரம்பித்தாள். "மேடம், எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. நாங்க கையாலதான் பேசுவோம்."

"அதுதானம்மா பிரச்சனையே" என்று அதிகாரி ஒரு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கேமரா பிடித்த படம் ஓடியது. வக்கீலின் கை ஓடுகிறது, உதடு அசைகிறது. அவளுக்குப் பின்னால் பீரோக் கண்ணாடியில், கதவுக்கு வெளியே நிற்கும் மடிப்பின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. கடைசியில் அவள் கை எழுந்து இறங்குவதும்.

"நீ கேள்வியைச் சாடையில சொல்ற. அவங்க வெளியில நின்னு பதில் சொல்றாங்க. இதைப் பாக்கறவங்க வேற என்ன நினைப்பாங்க?"

"இல்ல மேடம், நான் எனக்குள்ளதான்..."

"நீ சொல்லாதே. உன் மேலதான் புகார், நீயே அவங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. சுவரைப் பாத்து உக்காரு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"இந்தப் பொண்ணோட அம்மாவுக்குப் பெரியப்பா."

"சாடை தெரியுமா?"

"வா, போ, சாப்பிட்டியா. இந்த மூணும் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. நாலு வயதிலிருந்து அம்மாவுக்காகப் பேசிய வாயை மூடிவிட்டார்கள். மடிப்புக்கு அங்கே என்ன பேச்சு நடக்கிறதென்றே தெரியாது. அவள் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, எங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்த்துப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

"அதுல எழுதாதீங்கம்மா" என்றார் அதிகாரி. மடிப்புக்குக் கேட்கவா போகிறது. திரையில் கை ஓட ஓட, காகிதத்தில் எண்கள் இறங்கின. 840. 7. 120. 3. 360. காதுமடலைக் கிள்ளிய இடத்தில் ஒரு கோடு. 480.

அதிகாரி காகிதத்தை இழுத்துப் பார்த்தார். மற்றொரு திரையைத் தட்டினார். எட்டாவது கேள்வி: தொட்டியில் எண்ணூற்று நாற்பது லிட்டர், ஏழில் மூன்று பங்கு எடுத்தால் மீதி எவ்வளவு. அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. படத்தை அங்கேயும் இங்கேயும் ஓட்டி, பத்தொன்பதாவது கேள்வியில் நிறுத்தி, ஓடவிட்டு, காகிதத்தை மடிப்பின் முன்னால் தள்ளினார்.

மடிப்பு எழுதினாள். 236. 7. 42. அடுத்து 25. அங்கே பென்சில் நின்றுவிட்டது.

படத்தைப் பின்னால் ஓட்டும்படி அதிகாரியிடம் விரலைச் சுழற்றிக் காட்டினாள். மறுபடி பார்த்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மகளின் முதுகைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பு குறைந்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று தெரியும். அந்த முகம்தான் அப்போது. சுவர்க் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. கடைசியில் பென்சிலை அழுத்தி 14 என்று எழுதினாள். அதற்குக் கீழே 1452.

அதிகாரி அதை மற்றத் திரையோடு ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார், "இருநூத்து முப்பத்தாறை ஏழால பெருக்கணும், சரியான விடை ஆயிரத்து அறுநூத்தம்பத்திரண்டு. கையில நின்ன ரெண்டைக் கூட்ட மறந்திருக்கா. பொண்ணு அழுத்தினது ஆயிரத்து நானூத்தம்பத்திரண்டு. அம்மா எழுதினதும் அதேதான். தப்புன்னு தெரிஞ்சும் கை சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. இவ அம்மாகிட்டக் கேக்கல. கையால யோசிக்கறா."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"அந்த இருபத்தேழாவது? அங்க அம்மாவோட கை என்ன சொல்லுச்சு?" படத்தை நிறுத்தி அந்தக் கையைச் சுட்டிக் காட்டினார். பேசும்போதே மற்றக் கையால் பேனாவை மேசையில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். மடிப்பு எழுந்து அந்தத் தட்டுகிற கைக்கு மேலே தன் உள்ளங்கையை வைத்து, தொடாமல், மெல்ல இறக்கினாள். பேனா நின்றது.

"மெதுவாங்கறாங்களா?" என்றார் அதிகாரி, தனக்குத்தானே. "இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. மிஷின் மூடினதை நான் திறக்க முடியாது. ஆனா நேர்ல எழுதவெக்கற அதிகாரம் இருக்கு. மீதி பதிமூணு கேள்வி, மீதி முப்பத்தொன்பது நிமிஷம். இப்பவே எழுதணும். முடியுமா பாப்பா?"

சுவரைப் பார்த்தபடியே வக்கீல், "கையை அசைக்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"அசைச்சுக்கோ. நான் எதிர்ல உக்காந்துக்கறேன். எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

மடிப்பை நடையில், கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். திரும்பினால் பரீட்சை ரத்து. அவளுக்கு எதிரே நான், கதவைப் பார்த்தபடி. மூன்று நிமிஷத்துக்கொரு முறை அவள் புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்டாள்; ஓடுகிறது என்று கையை ஆட்டினேன். ஒரு கட்டத்தில் உள்ளே கை நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கை எழவில்லை. மடிப்பு புருவத்தைத் தூக்கினாள். ஓடுகிறது என்றேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள், நம்பவில்லை. இருந்தும் திரும்பவில்லை. நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரமோ. பிறகு உள்ளே அந்தக் கை பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க நீண்டது. நான் மடிப்புக்கு அதைச் செய்து காட்டினேன். அப்போதுதான் அவள் பிடியை விட்டாள்.

வெளியே வந்ததும் வக்கீலுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அதிகாரி பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் கையைப் படபடவென்று ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"பாருங்க தாத்தா, பத்தொன்பதாவது தப்புன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பதினாறுன்னு எழுதியிருக்கலாம் இல்ல?"

"அம்மா என்ன சொல்றா?"

"நீ பதினாலுன்னுதானே சொன்னேன்னு சொல்றாங்க. என் மேலேயே பழி."

பேருந்து நிறுத்தம் வரை அந்த வழக்கு நடந்தது. எதிரில் வந்தவர்கள் இரண்டு பேருடைய கைகளுக்கும் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

பதினாறாம் நாள் பட்டியல் வந்தது. லிப்ட்காரர் தன் போனில் மேலிருந்து தேடினார். முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது, ஐம்பது தாண்டியபோது அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேச்சு நின்று நான் பார்த்தது அன்றுதான். ஐம்பத்து நான்காவது இடத்தில் பெயர் இருந்தது.

வக்கீல் அம்மாவிடம் கையால் சொன்னாள். மடிப்பு மறுபடி சொல் என்றாள். மகள் மறுபடி சொன்னாள், விரல்களை நிறுத்தி நிறுத்தி. இன்னும் ஒரு முறை என்றாள் மடிப்பு.