நேலுவைப் பற்றிச் சொன்ன பொய்

சவேட்டா கோபம் வந்தால் பேசமாட்டாள், மாவைப் போட்டுப் பிசைவாள். அன்றைக்குப் பிசைய மாவு மிச்சமில்லை. எல்லாம் அடுப்புக்குள் போயிருந்தது.

எங்கள் ஊரில் விடுதி நடத்தும் டோரின், நகரத்திலிருந்து வந்து பழைய வீட்டை வாங்கியவன். அங்கே வரும் வெளிநாட்டுப் பயணிகள் உருளைக்கிழங்கு ரொட்டிக்குத் தாங்களே மாவு பிசைந்து விறகடுப்பில் சுடுவார்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் விறகு பிளக்கும் வெளிநாட்டுத் தன்னார்வப் பிள்ளைகளும் உண்டு. கற்றுக்கொடுப்பவள் சவேட்டா. கிழங்கு உரிப்பது பக்கத்து வீட்டுக்காரியான நான்.

டோரின் அவளைக் கறுப்பு முக்காடு போடச் சொல்வான். "நீங்க சிரிச்சா போதும்க்கா, பேசறத நான் பாத்துக்கறேன்" என்பான். என்ன பேசினான் என்று எங்களுக்குத் தெரியாது, எல்லாம் ஆங்கிலம்.

அந்த வாரம் ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. டோரினுக்கு அந்த மொழி தெரியாது. ரலூகா என்ற வழிகாட்டிப் பெண்ணை வரவழைத்து, வழக்கமான கதையை அவளிடம் சொல்லிவிட்டுச் சாராயம் வாங்கப் போனான். சவேட்டாவும் அவள் புருஷன் நேலுவும் ஸ்பெயினில் பதினோரு வருஷம் உழைத்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும். டோரின் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் ரொட்டியை மேல்தோல் கரியாகும்வரை சுட்டு, அந்தக் கரியைத் தடியால் தட்டி உதிர்க்க வேண்டும். முதல் ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்த சவேட்டாவின் கை சட்டென்று நின்றது. ரலூகா அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான், பிறகு சவேட்டாதான் எனக்குச் சொன்னாள்: "இந்தம்மா ஊரத் தாண்டினதே இல்ல. புருஷன் தினம் குடிச்சுட்டு அடிப்பான், குடிச்சே செத்தான். அந்தக் கோபத்தத்தான் ரொட்டி மேல காட்டுறாங்க."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி இரக்கப்பட்டு அவள் தோளைத் தடவினாள். சவேட்டா அந்தக் கையை எடுத்துவிட்டு, அவர்கள் மொழியிலேயே சொன்னாள்:

"என் புருஷன் ஒரு சொட்டு குடிச்சதில்ல. உங்க நாட்டுல, உங்களுக்கு வீடு கட்டுறப்ப, சாரம் சரிஞ்சு செத்தான். பொணத்த நான்தான் கொண்டுவந்தேன்."

ரலூகா அவள் பக்கம் திரும்பினாள். "அவரு சொல்லச் சொன்னதத்தான்மா சொன்னேன்."

அடுப்பில் ரொட்டி இருந்ததால் சவேட்டா போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, அறுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"தின்னுங்க. ரொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

டோரின் திரும்பியதும் முக்காட்டைக் கழற்றி விறகுக் குவியலில் எறிந்தாள். "என் நேலு குடிகாரன்னு உனக்கு யாருடா சொன்னா?"

"வர்றவங்க மனசு உருகணும்லக்கா. இது வியாபாரம்."

"உங்கப்பன வெச்சு உருக்கேன். அவனும் செத்துட்டான்ல?"

விறகு பிளக்கும் பிள்ளைகள் இத்தனை மாதமும் அவளைக் கண்டதும் கட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தாள். "எல்லாம் பரிதாபமாடி அது?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் என்னிடம் பொருமிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டோரின் காப்பிப் பொட்டலத்தோடு மன்னிப்புக் கேட்க வந்தான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"யார்கிட்டச் சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

"அவங்கதான் ஊருக்குப் போயிட்டாங்களேக்கா."

"பொய்யும் அவங்களோட போயிடுச்சு. இப்ப என்ன பண்ணப்போற?"

அவன் பொட்டலத்தோடு திரும்பிப் போனான். பத்து நாளில் அடுத்த ஊரிலிருந்து வேறொருத்தியைக் கூட்டிவந்தான், அவளுக்கும் முக்காடு போட்டு. என்ன கதை சொல்கிறானோ, தெரியாது. நானும் கிழங்கு உரிக்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

அவன் வேன் தெருவில் போகும்போதெல்லாம் சவேட்டா வாசலுக்கு வந்து காறித் துப்புவாள். ஒருநாள் மனசு கேட்காமல், "விட்டுடுக்கா, ஒடம்புக்கு ஆகாது" என்றேன்.

"நீ விடுவ. செத்தது உன் புருஷனா?" என்றாள்.